நன்றாக எய்கிறவர்கள் ஏன் றிகேர்வை விட்டுவிட்டு லோங்போவுக்குப் போகிறார்கள்?

உவர்மலைப்பெடியன் எழுதியது:

வணக்கம். கொழும்பில் படித்த காலத்தில் கம்பஸ் கிளப்பில் வில் பழகினேன். அங்கே எல்லோருக்கும் ஒரே சாமான்தான், நடுவில் மரக் கைப்பிடி, மேலும் கீழும் லிம்ப் (வளைகிற கை) பூட்டிக் கழற்றுகிற, நுனி முன்பக்கம் வளைந்த றிகேர்வ், இழுக்கிற பாரம் 24 இறாத்தல். படிப்பு முடிந்து இப்போது திருகோணமலைக்கே வந்தாயிற்று, ஆனால் எய்வதை விட மனமில்லை. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து பெரியம்மாவின் மகன் வருகிறார், வில் வேண்டுமென்றால் சொல்லு, வாங்கி வருகிறேன் என்கிறார். ஒன்றுதான் கேட்கலாம்.

குழப்பம் எங்கே என்றால், காட்டுப் பாதையில் நடந்து நடந்து ரப்பர் மான், ரப்பர் பன்றி எய்கிற திரீ-டி போட்டி வீடியோக்கள் நிறையப் பார்க்கிறேன். அதில் பல வருடம் எய்து கை பழுத்தவர்கள் பாதிப்பேர் கையில் ஒரு நீட்டுக் கம்புதான், அதாவது லோங்போதான் இருக்கிறது. வளைந்த நுனி இல்லை, பார்வைக் குறி இல்லை, ஒன்றுமில்லை. றிகேர்வ்தானே வேகம், அதுதானே ஒலிம்பிக் வில், பிறகு ஏன் தெரிந்தவர்கள் பின்னால் போகிறார்கள்? இதைத் தேடி வாசித்தால் ஒருவர் லோங்போ பிழை பொறுக்கும் என்கிறார், அடுத்தவர் அது பிழையே பொறுக்காது, தெரிந்தவன் மட்டும் தொட வேண்டும் என்கிறார். இரண்டும் எப்படிச் சரியாகும்? யாராவது வடிவாக விளங்கப்படுத்துங்கள்.


நாணொலி எழுதியது:

தம்பி, இரண்டு பேர் சொன்னதும் சரிதான். இருவரும் வேறு வேறு பிழையைப் பற்றிக் கதைக்கிறார்கள், அவ்வளவே.

முதலில் றிகேர்வின் வளைவு என்ன செய்கிறது என்று பார். நாண் பூட்டி நிற்கும்போது லிம்பின் நுனி முன்பக்கம் வளைந்திருப்பதால் நாண் அந்த வளைவின் மேலே ஒட்டிக் கிடக்கும், அதாவது வில் அந்த நேரத்தில் தன் உண்மையான நீளத்தைவிடக் குட்டை. இழுக்கத் தொடங்கிய உடனேயே பாரம் கையில் ஏறிவிடும். இழுக்க இழுக்க நாண் வளைவை விட்டு உரிந்து, நுனி நிமிர்ந்து, வில் நீண்டுகொண்டே போகும், அதனால் கடைசியில் பாரம் சடாரென்று ஏறாது. தொடக்கத்திலேயே பாரம் ஏறுவதால் அதே 40 இறாத்தல் வில்லுக்குள் கூடுதல் சக்தி சேர்கிறது, அம்பும் விநாடிக்குப் பத்துப் பதினைந்து அடி கூடுதலாகப் பறக்கிறது. இதில் எந்த வாதமும் இல்லை, நீ கேட்ட வேகம் உண்மைதான்.

ஆனால் அந்த வளைவுக்காக லிம்பை மெல்லிசாகவும் தட்டையாகவும் செய்ய வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட அடிமட்டத்தின் இரண்டு நுனியையும் பிடித்து முறுக்கிப் பார், இலேசாகத் திரும்பும்; அதே அகலத்தில் தடித்த மரச்சட்டம் திரும்பாது. றிகேர்வின் நுனி அந்த அடிமட்டம். விரலை நேராக விடாமல் நாணைக் கன்னத்துக்கு வெளியே இழுத்து விட்டால், அல்லது பிடித்த கை கொஞ்சம் திருகினால், நுனியும் சேர்ந்து திருகி அம்பைப் பக்கவாட்டில் தள்ளும். லோங்போவின் லிம்ப் ஒடுக்கம், ஆனால் ஆழம். நாண் நுனிப் பள்ளத்தைத் தவிர வேறு இடத்தில் தொடுவதில்லை. திருகுவதற்கு இடம் குறைவு. ஆக விரல் பிழையையும் பிடிப் பிழையையும் லோங்போ பொறுக்கும்.

நீளமும் ஒரு காரணம். 60 அங்குல வேட்டை றிகேர்வை 28 அங்குலம் இழுத்தால் நாண் விரலில் கூர்மையான கோணத்தில் வந்து நெரிக்கும். 68 அங்குல லோங்போவில் கோணம் விரிந்து விரல் சும்மா இருக்கும், நெரிபடாத விரல் நாணைச் சுத்தமாக விடும். ஒரு காலை முழுக்க எய்கிறவனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இனி பொறுக்காத பிழை. லோங்போவில் நாணுக்கும் கைப்பிடிக்கும் இடைவெளி 6, 7 அங்குலம்தான், றிகேர்வில் 8 அங்குலம் அளவில் இருக்கும். இடைவெளி குறைந்தால் அம்பு நாணோடு ஒட்டி ஓடும் தூரம் கூடும், அதாவது நாணை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் உன் இடது கையின் பேச்சை அம்பு கேட்டுக்கொண்டிருக்கும். எய்தவுடன் கை விழுந்தால் அம்பும் விழும். அதோடு வில் முழுவதும் அரைக் கிலோவைச் சுற்றித்தான் நிறை, கை நடுங்கினால் அதுவும் நடுங்கும். றிகேர்வின் கனமான கைப்பிடி அந்த நடுக்கத்தை விழுங்கிவிடும். இன்னொன்று, லோங்போவில் அம்பு வில்லின் நடுக்கோட்டில் இருப்பதில்லை, பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறது. விட்டதும் அது நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அம்பின் விறைப்பு உன் வில்லுக்குப் பொருந்தாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு திசை போகும்.

ஆக நிலை உறுதியாக இருக்கிறவனுக்கு லோங்போவின் கெட்ட குணங்கள் பெரிதாகத் தெரியாது, நல்ல குணங்கள் மட்டும் மிஞ்சும். கை இன்னும் படியாதவனுக்கு நேர்மாறு. அனுபவம் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போவது இதனால்தான் என்பது என் எண்ணம். அமெரிக்காவின் வில்லாளி ஹாவார்ட் ஹில் 1899இல் பிறந்து 1975இல் இறந்தவர், 1950களில் கண்ணாடி இழை ஒட்டிய றிகேர்வ்கள் கடைகளில் குவிந்த காலத்திலும் மூங்கில் பட்டை ஒட்டிய லோங்போவை அவர் விடவில்லை. வேறு வில் கிடைக்காமல் அல்ல.


பத்துவளையம் எழுதியது:

நாணொலி அண்ணா சொன்ன இயக்கம் சரி. ஆனால் கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. "நன்றாக எய்கிறவர்கள்" என்று யாரைச் சொல்கிறோம்?

1972இல் மியூனிக்கில் வில்வித்தை மறுபடி ஒலிம்பிக்குக்குள் வந்த நாளில் இருந்து தனிநபர் போட்டியில் எய்வது றிகேர்வ் மட்டும். 70 மீற்றர் தூரம், 122 சென்ரிமீற்றர் வட்டம், அதன் நடுவில் பத்துப் புள்ளி வளையம் 12.2 சென்ரிமீற்றர். அந்த வளையத்துக்குள் அம்புக்கு மேல் அம்பு வைக்கிற கொரியாக்காரர் கையில் லோங்போ இல்லை. எந்த வில்லும் கொண்டு வரலாம் என்று கதவைத் திறந்து விட்டால் அந்தத் தூரத்தில் லோங்போ தோற்கும். உலக வில்வித்தைச் சம்மேளனம் திரீ-டி போட்டியில் அதற்குத் தனிப் பிரிவு வைத்து, நாண் நுனிப் பள்ளம் தவிர எங்கும் வில்லைத் தொடக்கூடாது, அம்பு மரத்தண்டாக இருக்க வேண்டும் என்று விதியும் எழுதி வைத்திருப்பது அதனால்தான். தம்பி பார்த்த வீடியோக்காரர்கள் அந்தப் பிரிவில் போட்டியிடுகிறவர்களாக இருக்கலாம். பிரிவே அப்படி என்றால் கையிலும் அதுதானே இருக்கும்.

நீளக் கதையும் பாதிதான். 60 அங்குல வேட்டை வில்லோடு ஒப்பிட்டால் சரி. ஆனால் போட்டி றிகேர்வ் 66, 68, 70 அங்குலம் வருகிறதே, அதில் விரல் நெரிபடாது. நீளமும் உண்டு, வேகமும் உண்டு. அப்போது லோங்போவுக்கு மிச்சம் என்ன?

ரசனை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அந்தக் கம்பு பிடிக்கும். கெட்டிக்காரன் எல்லாம் அதைத்தான் எடுப்பான் என்று ஒரு பெடியனிடம் சொன்னால் அவன் நாளைக்கு 50 இறாத்தல் லோங்போ வாங்கித் தோளைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்பான்.


நாணொலி எழுதியது:

நீளத்தைப் பற்றிச் சொன்னது நியாயம், 70 அங்குல றிகேர்வை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அந்த வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். அலுமினியக் கைப்பிடி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சமநிலைத் தடி, குறி, எல்லாம் பூட்டினால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் போகும். ஓரிடத்தில் நின்று தெரிந்த தூரத்துக்கு எய்கிறவனுக்கு அந்தப் பாரம் வரம். தூரம் தெரியாது, சரிவில் ஒரு காலை மடக்கி நிற்க வேண்டும், கிளை இடிக்கும், சத்தம் கேட்கக்கூடாது என்றால் அதுவே தொல்லை. நாண் லிம்பில் வந்து மோதுகிற சத்தம் லோங்போவில் இல்லை. உடைவதற்கும் தளர்வதற்கும் பூட்டாணி இல்லை. நான் சொன்ன "தெரிந்தவர்கள்" இந்த இரண்டாவது கூட்டம். ஒலிம்பிக் கூட்டம் அல்ல.

தோள் விசயத்தில் உங்களோடு நூறு வீதம் உடன்பாடு. ஆங்கிலேயரின் பெரிய போர் வில்லை எடுத்துப் பாருங்கள். 1545இல் மூழ்கி 1982இல் கடலில் இருந்து தூக்கப்பட்ட மேரி றோஸ் கப்பலில் 137 முழு வில் கிடைத்தன, யூ மரம், ஏறத்தாழ எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே, இழுக்கவே 100 இறாத்தலுக்கு மேல் வேண்டும் என்று அளந்திருக்கிறார்கள். அதை யாரும் வாலிபத்தில் திடீரென்று தூக்கவில்லை. 1549இல் ஹியூ லாற்றிமர் என்ற பாதிரியார் ஆறாம் எட்வேர்ட் அரசன் முன்னால் பிரசங்கம் செய்தபோது தன் தகப்பனைப் பற்றிச் சொல்கிறார்: வயதுக்கும் பலத்துக்கும் ஏற்றபடிதான் வில் வாங்கித் தந்தார், நான் வளர வளர வில்லும் பெரிதானது, கையின் பலத்தால் அல்ல, உடம்பை வில்லுக்குள் கொடுத்து இழுக்கக் கற்றுத் தந்தார் என்று. இதைவிட நல்ல பாடம் நான் எங்கும் கேட்டதில்லை. முதுகால் இழுக்கத் தெரியாதவனுக்கு 30 இறாத்தலும் பாரம்.


வெருகலாற்றங்கரை எழுதியது:

இங்கிலாந்து, கொரியா எல்லாம் கதைத்தாயிற்று, பக்கத்தில் இருக்கிறதை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று கரையோர வேடர் குடிகள் இருக்கின்றன, தமிழ்தான் பேசுகிறார்கள், இப்போது மீன்பிடியும் கூலி வேலையும். இந்த நாட்டு வேடரின் பழைய வில்லைப் படத்திலோ நூதனசாலையிலோ பார்த்திருப்பீர்கள். ஒரே மரம், நேர், ஆள் உயரம், மரநாரில் திரித்த நாண், நீண்ட அம்பில் அகன்ற இரும்பு அலகு. வளைந்த நுனி இல்லை. அதைப் பிற்பட்ட வில் என்று சொல்கிறவர்களுக்கு நம் காற்றைப் பற்றித் தெரியாது என்றுதான் அர்த்தம்.

நுனி வளைந்த பழைய வில் துருக்கி, பாரசீகம், மங்கோலியா என்று வறண்ட நாடுகளில்தான் உச்சத்துக்குப் போனது. உள்பக்கம் கொம்பு, வெளிப்பக்கம் விலங்கின் நரம்பு, நடுவில் மரம், ஒட்டுவதற்குத் தோலிலும் மீனிலும் காய்ச்சிய பசை. ஈரக் காற்றில் அந்தப் பசை இளகும். முகலாயர் காலத்து இந்தியாவில் உருக்கில் வில் அடித்ததற்கு ஒரு காரணம் அது ஆயுதசாலையில் கிடந்தாலும் மழைக்காலத்தில் கெடாது என்பதுதான். நம் வாடைக்காலத்தில் தலையணை உறையே பூஞ்சணம் பிடிக்கிறது, கொம்பு வில் எங்கே நிற்கும்!

நேர் வில் இந்தப் பக்கத்துப் பழக்கம் என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அலெக்சாண்டரின் கடற்படைத் தளபதி நியார்க்கஸ் இந்தியக் காலாட்களைப் பற்றிச் சொல்லும்போது, வில் அதைப் பிடித்தவனின் உயரம், ஒரு நுனியைத் தரையில் ஊன்றி இடது காலால் மிதித்துக்கொண்டு நாணைப் பின்னுக்கு வெகுதூரம் இழுத்து எய்வார்கள் என்கிறார். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், தனி மர வில்லும் ஈரம் குடிக்கும். குடித்தால் சோம்பிப் போகும், வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும். இப்போது வருகிற கண்ணாடி இழை ஒட்டிய லோங்போவுக்கு அந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. கனடாவில் இருந்து வருவது அந்த வகைதான் என்றால் பயப்பட வேண்டாம்.


உவர்மலைப்பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. பொறுக்கிற பிழை, பொறுக்காத பிழை என்று பிரித்தது நன்றாக விளங்கியது. என் பிழை எது என்றும் தெரிகிறது, விட்டவுடன் இடது கையைக் கீழே போடுகிற பழக்கம் இருக்கிறது, கிளப்பில் மாஸ்டர் இதற்கே கத்துவார்.

இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, எய்யப் போவது சாம்பல்தீவுப் பக்கம் மாமாவின் தென்னங்காணியில். கடல் கிட்ட. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் தொப்பியே நிற்காது. லோங்போ சரிவருமா? இரண்டு, 68 அங்குலக் கம்பைப் பிளேனில் எப்படிக் கொண்டுவருவது, அண்ணா சூட்கேசுக்குள் வைக்கிற மாதிரிச் சொல்லு என்கிறார்.


பத்துவளையம் எழுதியது:

காற்றுக்கு றிகேர்வ்தான், இதில் நாணொலி அண்ணாவும் சண்டைக்கு வரமாட்டார். காற்று வில்லைத் தள்ளுவதில்லை, அம்பைத்தான் தள்ளுகிறது. லோங்போவில் எய்கிற மரத்தண்டு தடிப்பு, இறகு பெரிது, வேகம் குறைவு, மூன்றும் சேர்ந்து பக்கக் காற்றுக்கு அகப்படும். மெல்லிய காபன் அம்பு அதே காற்றில் குறைவாகத்தான் விலகும். அதோடு கைப்பிடியின் மேலேயே அம்பை வைத்து எய்கிற வில்லில் பிளாஸ்ரிக் இறகு போட முடியாது, தட்டுப்பட்டு அம்பு துள்ளும், பறவை இறகுதான் வேண்டும். அது வாடை மழையில் நனைந்தால் படுத்துவிடும். ஆனால் 20 மீற்றருக்குள் எய்யப் போகிறாய் என்றால் இதெல்லாம் பெரிய கணக்கு இல்லை. காலையில் எழும்பி எய், கச்சான் அநேகமாக வெயில் ஏறின பிறகுதான் வேகம் பிடிக்கும்.

பின்னால் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார். தென்னை மரம் தடுப்பு அல்ல, அம்பு இடுக்கால் போய்விடும். பிரட்ரிக் கோட்டைப் பக்கம் மாதிரி உங்கள் பக்கமும் புள்ளிமான் வந்து மேய்கிறதோ தெரியாது, மானோ மாடோ பிள்ளைகளோ, பின்பக்கம் யாரும் வர முடியாத மாதிரி மண் அணை ஒன்று போட்டுவிட்டு வில்லை எடு. கடற்கரையில் எய்யவே வேண்டாம், நிலாவெளியில் இருந்து நடந்து வருகிற வெள்ளைக்காரருக்கு நீ நிற்பது தெரியாது.


நாணொலி எழுதியது:

சண்டைக்கு வரவில்லை, காற்று விசயம் அவர் சொன்னபடிதான்.

நீ இன்னும் 24 இறாத்தலில் நிற்கிறாய், இடது கையும் விழுகிறது. அந்தக் கை விழுகிற பழக்கத்தை லோங்போ ஒவ்வொரு அம்பிலும் காட்டிக்கொடுக்கும். அது நல்லதா கெட்டதா என்பது உன் பொறுமையைப் பொறுத்தது. பொறுமை இல்லை என்றால் பழைய மாதிரியே கழற்றுகிற றிகேர்வ், 66 அல்லது 68 அங்குலம், கைப்பிடி ஒன்று வாங்கி 28 இறாத்தல் லிம்ப் போட்டுத் தொடங்கு. பலம் கூடினால் லிம்பை மட்டும் மாற்றலாம், லோங்போவில் அது முடியாது, முழு வில்லையும் மாற்ற வேண்டும். ஒரே ஒரு வில்தான் வரும் என்ற உன் நிலைமையில் இது சின்ன விசயம் இல்லை. என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன், லோங்போ பைத்தியம் நானே சொல்கிறேன்.

இல்லை, மனம் அந்தக் கம்பில்தான் நிற்கிறது என்றால் 30, 32 இறாத்தலுக்கு மேல் போகாதே. இழுநீளம், அதாவது நீ நாணை இழுக்கிற தூரம், 28 அங்குலம் என்றால் 66 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். நடுவில் இரண்டாகப் பிரித்துப் பூட்டுகிற லோங்போ இருக்கிறது, ஒவ்வொரு பாதியும் மூன்று அடிக்குக் கொஞ்சம் குறைய வரும், பெரிய சூட்கேசில் சாய்த்து வைக்கலாமா என்று அண்ணாவை அளக்கச் சொல். அம்பையும் சேர்த்தே வாங்கச் சொல், வில்லுக்குப் பொருந்துகிற விறைப்பில் ஒரு டசின். இங்கே பொருந்துகிற மரத்தண்டு தேடி அலைவதுதான் பெரிய பாடு. சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்று வருவதற்கு முதலே விசாரித்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள், வந்திறங்கிய பிறகு மேசைக்கு மேசை அலைந்த ஆட்கள் எனக்குத் தெரியும்.

எது வாங்கினாலும் நாண் பூட்டும்போது காலுக்கிடையில் கொடுத்து வளைக்காதே, அதற்கென்று இருக்கிற கயிற்றைப் பாவி, முக்கியமாக றிகேர்வ் என்றால். மெல்லிய நுனி ஒருமுறை திருகினால் பிறகு நேராக்குவது கஷ்டம். வெயிலில் கதவு பூட்டிய வாகனத்துக்குள் வில்லை விட்டுவிட்டுப் போகாதே, பங்குனி சித்திரை வெயிலில் பசை இளகி லிம்ப் பட்டை பட்டையாகப் பிரியும்.


உவர்மலைப்பெடியன் எழுதியது:

சரி அண்ணா. இழுநீளத்தைச் சுவரில் கை விரித்து அளந்து பார்த்தேன், 28க்குக் கொஞ்சம் கூட வருகிறது. 68 அங்குல றிகேர்வ், கைப்பிடியும் 28 இறாத்தல் லிம்பும் என்று கனடாவுக்கு எழுதிவிட்டேன். லோங்போ அடுத்த திருவிழாவுக்கு.

மண் அணைக்கு மாமா சம்மதம், ஆனால் காணி ஓரத்தில் இருக்கிற மணலை அள்ள விடமாட்டாராம். சாம்பல்தீவு, உப்புவெளிப் பக்கம் ஒரு லோட் கிரவல் நியாய விலைக்குப் பறிக்கிற டிராக்டர்காரர் யாரையாவது தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.